கிளம்பாத பிக்கப்

இந்த ஞாயிற்றுக்கிழமை மாமனார் ஊர்ப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுப்பதில்லை என்று ராஜபாளையம் வைகுண்டராஜ் சபதம் எடுத்திருந்தார். ஒன்பதரைக்கு டி.வி.யில் கிரிக்கெட் ஃபைனல்.

மனைவி செல்லக்கனிக்கோ அன்றைக்கே பிறந்த ஊரான ஸ்ரீவில்லிபுத்தூர் போயாக வேண்டும். நேற்று ராத்திரி வந்த தம்பி ரத்தினம் இன்று மத்தியானமே பட்டாளத்துக்குத் திரும்புகிறான். எல்லைக்குப் போகிறவன், எப்போது வருவானோ. அக்கா பெற்ற ஐந்து மாத மருமகளை அவன் இன்னும் கண்ணால் பார்க்கவில்லை.

வைகுண்டராஜ் விடியுமுன் எழுந்தார். வாசலில் நின்ற பழைய டீசல் பிக்கப்பின் பேட்டரியிலிருந்து எர்த் வயரைக் கழற்றினார். சுருட்டி அண்டர்வேர் பைக்குள் திணித்துக்கொண்டார். எட்டு மணிக்கு எல்லார் முன்னாலும் சாவியைத் திருகினார். வண்டி மூச்சுவிடவில்லை.

"செத்துப்போச்சு, செல்லக்கனி," என்றார், துக்க வீட்டுக் குரலில்.

"லைட்டு எரியுதா?"

"எரியல."

"ஹாரன்?"

"அதுவும் இல்ல."

"அப்ப பேட்டரி பக்கந்தான் கோளாறு. பானட்டத் தொறங்க, பாப்போம்."

"தொடாத, ஷாக் அடிக்கும். மெக்கானிக் மாரிசாமி நாளைக்குத்தான் வருவான்."

"கையெல்லாம் ஏன் இம்புட்டுக் கறுப்பு?"

"கரித்தூள்ல பல்லு வெளக்குனேன்."

"முழங்கை வரைக்குமா வெளக்குனீய?"

அவர் வேட்டி ஒரு பக்கம் புடைத்திருந்ததை அவள் ஒரு பார்வை பார்த்தாள். உள்ளே போனாள். கூடையும் குழந்தையுமாக வெளியே வந்து, பக்கத்து வீட்டு முத்தாத்தாளைக் கூப்பிட்டாள்.

"எக்கா, பிள்ளைய மடில வச்சிட்டு முன்னால உக்காருங்க. வண்டியத் தள்ளிப் பாத்துருவோம்."

வைகுண்டராஜுக்கு உள்ளுக்குள் சிரிப்பு. பதினைந்து வருஷம் பெட்ரோல் கார் ஓட்டியவர். பிக்கப் வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. பேட்டரி இல்லாமல் எந்த வண்டி கிளம்பும்?

"நீயே ஸ்டியரிங் பிடி தாயி, நான் தள்ளுறேன்," என்றார், வள்ளல் போல. செல்லக்கனியின் அப்பா ரிட்டயரான மிலிட்டரி டிரைவர். செண்பகத்தோப்பு ரோட்டில் மகளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவர்.

டீக்கடையிலிருந்து நாலு பேர் கைகொடுத்தார்கள். தெரு இறக்கத்தில் வண்டி உருண்டது. செல்லக்கனி ரெண்டாவது கியரைப் போட்டுக் கிளட்சை விட்டாள். பிக்கப் ஒரு குலுக்குக் குலுக்கி, வைகுண்டராஜ் முகத்தில் கரும்புகையைத் துப்பிவிட்டுக் கிளம்பிவிட்டது.

"ஏட்டி, நில்லு, நில்லு," என்று ஓடினார்.

செல்லக்கனி தலையை வெளியே நீட்டினாள். "நிறுத்துனா மறுபடி தள்ளணும்லா? டீசல் எஞ்சின் ஒருவாட்டி பிடிச்சிட்டா பேட்டரியே வேண்டாங்க. நீங்க மெதுவா வாங்க."

ஹாரன் இல்லாத குறையை முத்தாத்தாள் வாய் தீர்த்துவைத்தது. "ஏலே, வெலகு, வெலகு" என்ற சத்தம் தெரு முக்குத் திரும்பும்வரை கேட்டது.

வைகுண்டராஜ் முகத்தைத் துடைத்துக்கொண்டார். யோசித்துப் பார்த்தால் தோற்றது யார்? வீடு காலி. டி.வி. அவருடையது. விசிலடித்துக்கொண்டே போய் ஸ்விட்சைப் போட்டார்.

டி.வி. வரவில்லை. ஃபேனும் சுற்றவில்லை. எதிர்வீட்டு டி.வி. மட்டும் ஜோராகக் கத்தியது.

மீட்டர் பெட்டியைத் திறந்தார். ஃபியூஸ் கட்டை இருந்த இடத்தில், நாலாக மடித்த காலண்டர் தாள். கான்வென்ட் கையெழுத்து, முத்து முத்தாக:

"கட்டை என் கூடையில் இருக்கிறது. பஸ் ஒன்பதே காலுக்கு. உங்கள் அண்டர்வேர் பையில் இருக்கும் எர்த் வயரை மறக்காமல் கொண்டுவரவும். அங்கே வண்டி தள்ள ஆள் கிடையாது."