ஜப்பானாரின் பச்சை மீன் கிளப்

சாப்பிட வந்தவனை இடுப்பு வளையக் கும்பிட்டு வரவேற்று, கால் மணி நேரத்தில் அதே ஆளைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிய ஓட்டல்காரர் சென்னைப் பட்டணத்திலேயே ஒருவர்தான் இருந்தார். அவர்தான் ராயபுரத்து ஜப்பானார்.

சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. சரக்குக் கப்பலில் சமையல்காரராக இருந்தவர். யுத்தத்துக்கு முன்னால் அவருடைய கப்பல் பழுதாகி, ஜப்பான் தேசத்துக் கோபே துறைமுகத்தில் நாலு மாதம் கிடந்ததாம். அங்கே ஒரு சந்தில் இருந்த சின்ன ஓட்டலில் பாத்திரம் தேய்த்து, மீன் அறுக்கக் கற்றுக்கொண்டாராம். இங்கே நான் 'ஆம்' போடுவதற்குக் காரணம், அதில் ஒன்றையும் நாங்கள் நம்பவில்லை என்பதுதான். நாங்கள் என்றால் துறைமுகத்துச் சரக்கு ஆபீசில் குமாஸ்தாக்களாக இருந்த நானும் வரதனும்.

ஐம்பதுகளின் ஆரம்பத்தில், ரயில் பாதையை ஒட்டிய ஒரு கொட்டகையில் அவர் 'ஜப்பான் சாப்பாட்டு கிளப்' என்று ஓட்டல் தொடங்கினார். வாசலின் மேல்பாதியை மறைத்து ஒரு நீலத்துணி தொங்கும். குனிந்து போகாதவன் முகத்தில் அது ஈரமாக அறையும். உள்ளே தரையில் பலகைகள். சாப்பாடு என்பது வெறும் சோறு, கலங்கல் தண்ணீராக ஒரு ரசம், ஐஸ் மேல் கிடத்தி மெல்லிசாக அறுத்த பச்சை மீன். தொட்டுக்கொள்ள அரைத்த கடுகும், கப்பல்காரர்களிடம் வாங்கிய ஒரு கறுப்புச் சாறும்.

மூட்டை தூக்கும் தொழிலாளி ஒருவர் முதல் நாளே கேட்டுவிட்டார்.

"இன்னா நைனா, அடுப்பு பத்தலையா இன்னிக்கு?"

"இது அடுப்பே பாக்காத மீனு. இப்டித்தான் துன்னணும்."

"எங்க வூட்டுப் பூனை கூட இப்டித்தான் துன்னுது. அது இன்னா, கோபேல போய்ப் படிச்சிக்கினு வந்துச்சா?"

அந்த மனிதர் கழுத்துதான் முதலில் பிடிக்கப்பட்டது. ஆனால் கேலி செய்ததற்காக அல்ல. மீனைக் கையால் எடுத்துவிட்டார். ஜப்பானார் மூங்கிலில் சீவிவைத்த இரண்டு குச்சிகளால்தான் எடுக்க வேண்டும். என்னுடைய முதல் துண்டு துள்ளிப் போய் வரதனின் சட்டைப் பையில் விழுந்தது. அவன் இலவசம் என்று நினைத்துச் சும்மா இருந்துவிட்டான்.

இதைவிடப் பெரிய தொல்லை வரவேற்பு. யார் நுழைந்தாலும் ஜப்பானார் "இராஷ்ஷாய்!" என்று கொட்டகை அதிர அலறுவார். 'வாங்க' என்று அர்த்தமாம். காசிமேட்டிலிருந்து கூடையில் வஞ்சிரம் கொண்டுவந்த அந்தோணியம்மாள் காதில் அது வேறு மாதிரி விழுந்தது.

"இன்னாய்யா சொன்னே? ராட்சசியா? யார்யா ராட்சசி? உங்க ஆயா ராட்சசி! உங்க அத்தை ராட்சசி!"

"ஐயோ, மரியாதைம்மா அது! ஜப்பான் மரியாதை!"

"உன் மரியாதையில தீயை வெக்க!"

கூடை மூடியால் ஒரு போடு விழுந்தது. ஜப்பானார் தலையைத் தடவிக்கொண்டே பணிவாகக் குனிந்து, மறுபடியும் "இராஷ்ஷாய்" என்றார். இரண்டாவது போடும் விழுந்தது. கொள்கை என்றால் அது.

ஒரு வாரத்தில் அந்தோணியம்மாள் வாசலிலேயே அடுப்பு மூட்டி வாணலி வைத்துவிட்டாள். உள்ளே மீன் வாங்கியவர்கள் இலையில் சுருட்டிக்கொண்டு நைசாக வெளியே வருவார்கள். அவள் மிளகாய்த்தூளில் புரட்டிப் பொரித்துக் கொடுப்பாள்.

"நான் இன்னா அழகா அறுத்துக் குடுக்கறேன், அதைப் போய் எண்ணெயில போட்டு கலீஜ் பண்றியே!" என்று உள்ளேயிருந்து ஜப்பானார் கத்துவார்.

"ஜனங்க வவுறு வலிக்காம வூடு போய் சேரட்டும், வுடுய்யா!"

நியாயமாகப் பார்த்தால் அந்த வாணலியால்தான் கிளப் பிழைத்தது. நானும் வரதனும் மட்டும் வாணலிப் பக்கம் போகாமல், பச்சையாகவே மூச்சைப் பிடித்துக்கொண்டு விழுங்குவோம். ருசிக்காக அல்ல. ஆபீசில் போய், "இன்னிக்கு ஜப்பான் சாப்பாடு" என்று பீற்றிக்கொள்ள வேண்டுமே! பீற்றிக்கொண்ட கையோடு ஜப்பானாரைப் புளுகன் என்றும் சொல்வோம். குமாஸ்தா புத்தி.

அந்தச் சமயத்தில் ஒரு ஜப்பான் கப்பல் துறைமுகத்துக்கு வந்தது. அதன் ரேடியோ அதிகாரி கொஞ்சம் இங்கிலீஷ் பேசுவார். வரதனுக்குக் கண் மின்னியது.

"இவரைக் கூட்டிட்டுப் போவோம்டா. ஜப்பானார் சாயம் வெளுக்கட்டும்."

நான்தான் அதைத் தெருவெல்லாம் சொல்லிவைத்தேன். அன்று மத்தியானம் கொட்டகையைச் சுற்றித் திருவிழாக் கூட்டம்.

அதிகாரி நீலத்துணிக்குக் குனிந்து உள்ளே வந்தார். ஜப்பானார் முகம் வெளுத்துவிட்டது. வழக்கமான அலறல் அன்று முனகலாகத்தான் வந்தது. ஆனால் கத்தியை எடுத்ததும் கை மட்டும் நிதானமாகிவிட்டது. அதிகாரி ஒரு துண்டைக் கடுகில் புரட்டி வாயில் போட்டார். கண்ணில் தண்ணீர் கொட்டியது, இருமினார். கூட்டம் விசில் அடித்தது. அவர் யாரையும் பார்க்கவில்லை. இரண்டாவது துண்டை எடுத்தார், மூன்றாவதை எடுத்தார். பிறகு, இதை ஜப்பானார் எங்கே கற்றுக்கொண்டார் என்று என்னிடம் இங்கிலீஷில் கேட்டார். நான் அதை ஜப்பானாரிடம் தமிழில் கேட்டேன்.

ஜப்பானார் "கோபே" என்று சொல்லிவிட்டு, கறுப்புச் சாற்றில் விரலை நனைத்துப் பலகைமேல் கோடு போட்டுக் காட்டினார். துறைமுகம், மேட்டுத் தெரு, தெருக்காரர்கள் காசு கொடுத்துக் குளிக்கிற இடம், அதைத் தாண்டி ஆறாவது கடை. அதிகாரி அந்தக் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் ஊரும் அதுதான் என்றார். யுத்தத்தில் விமானங்கள் நெருப்பைக் கொட்டியதில் அந்தத் தெருவே இல்லாமல் போய்விட்டது, ஆட்களும் மிஞ்சவில்லை என்றார்.

ஆளை மாட்டிவிடப் போன எனக்கு, இழவு சொல்கிற வேலை வந்து சேர்ந்தது. வரதன் தரையைப் பார்த்தான். நான், "அந்தத் தெரு..." என்று ஆரம்பித்தேன்.

"எரிஞ்சி பூடுச்சி. அதானே சார் சொல்றாரு?" என்றார் ஜப்பானார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"யுத்தம் முடியறப்பவே பேப்பர்ல போட்டான். ஊரே சாம்பலுன்னு. ஒருத்தர் படிச்சிச் சொல்லக் கேட்டுக்கினு இருந்தேன். அப்பாலதான் இந்தக் கடை. அந்த மாதிரி ஒண்ணு எங்கியாச்சும் இருக்கணும்ல சார்?"

அதையும் அதிகாரிக்குச் சொன்னேன். அவர் எழுந்து நின்று ஜப்பானாரைக் கும்பிட்டார். ஜப்பானார் பதிலுக்குக் கும்பிட்டார். யார் முதலில் நிறுத்துவது என்று இருவருக்கும் தெரியவில்லை. மாறி மாறிக் குனிந்துகொண்டே இருந்தார்கள். கூட்டத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. அந்தோணியம்மாள்தான் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "போதும்யா, இடுப்பு புடிச்சிக்கப் போவுது" என்றாள்.

வரதன் மறுநாளிலிருந்து புளுகன் என்ற பேச்சையே எடுக்கவில்லை. கிளப் இன்னும் இரண்டு மழைக்காலம் தாங்கியது. பிறகு கொட்டகை சரிந்தது. ஜப்பானார் எண்ணூரில் இருந்த மகள் வீட்டுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

பச்சை மீன் எனக்குக் கடைசி வரைக்கும் பிடிக்கவில்லை. ஆனால் கிளப் இருந்தவரை வாரம் ஒரு நாளாவது போனேன். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல்தான் போனேன்.