எமனுக்கு நின்ற வரிசை

காசிலிங்கம் ஒட்டுமீசையைப் பிடித்து இழுத்தார். மேலுதடுதான் கூட வந்தது, மீசை வரவில்லை.

தசரா முடிய இன்னும் மூன்று நாள். துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் பெட்டிகளை எண்ணுவதில் அவருக்கு இருபது வருடம். குலசை முத்தாரம்மனுக்காக எமன் வேடம் கட்டி வீடுவீடாகக் காணிக்கை வாங்குவதிலும் இருபது வருடம். இரண்டில் எதன்மேல் பிரியம் அதிகம் என்பது மேலதிகாரிக்கே தெரியும். இந்த வருடத்து நேர்த்திக்கடன் மட்டும் மனைவி அனுசியாவுக்காக. அவளுக்கு இருதயத்தில் ஒரு வால்வு பழுது.

ஆஸ்பத்திரியிலிருந்து மறுபடியும் போன்.

"ஆபரேசன இப்பமே பண்ணணுமாம். நீங்க வந்து கையெழுத்துப் போடணுமாம்." அனுசியாவுக்கு மூச்சு வாங்கியது.

"மீசை வரமாட்டேங்கு, ஏளா. வேசத்தக் கலைச்சிட்டு ஓடியாரேன்."

"கலைக்காண்டாம். அப்படியே வாங்க. அந்த மீசையப் பாத்தா எனக்குச் சிரிப்புதான வரும்."

ஆட்டோக்காரன் மேலும் கீழும் பார்த்தான்.

"எமன ஏத்திக்கிட்டு ஆஸ்பத்திரிக்கா? நாளைக்கு எவன் அண்ணாச்சி என் வண்டியில ஏறுவான்?"

நடந்தார். தெருவெல்லாம் பெண்கள் காணிக்கையோடு வாசலில் நின்றார்கள். காப்புக் கட்டியவர் காணிக்கையை மறுக்கக் கூடாது. ஒவ்வொரு நெற்றியிலும் திருநீறு பூசிவிட்டு ஓடினார். பாசக்கயிறு காலில் சுற்றியது.

ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி கையை விரித்து மறித்தான்.

"அண்ணாச்சி, உள்ள கெடக்கவங்களுக்கு ஏற்கனவே அரை உயிருதான். பின்வாசலாப் போங்க."

பின்வாசல் ஆண்கள் வார்டில் போய்த் திறந்தது. முதல் கட்டிலில் கிடந்த மாடக்கண்ணு என்ற பெரியவர் விழித்தார், பார்த்தார், எட்டிக் காலைப் பிடித்தார்.

"ஐயா, தையில பேத்திக்குக் கல்யாணம். அதுவர விட்டுருங்க."

"பெரியவரே, நான் காசிலிங்கம். ஆர்பர்ல வேலை."

"ஊருக்கு ஒரு பேரு வச்சிருப்பீய. நான் விடமாட்டேன்."

வேறு வழி தெரியவில்லை. "சரி, ரெண்டு வருசம் தந்தாச்சு. காலை விடும்."

அதுதான் தப்பாகப் போயிற்று. அடுத்த கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்தார்.

"அவருக்கு ரெண்டு. எனக்கு ஒண்ணும் கெடையாதா? நான் அவரவிட எளையவன்!"

குளுக்கோஸ் பாட்டிலைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒருவர் வந்தார். அவர் பின்னால் கட்டுப்போட்ட காலோடு இன்னொருவர். வழியை அடைத்து வரிசை நின்றது. ஒருவர் பேரம் பேசி ஐந்தை எட்டாக்கினார்.

"எட்டு போதுமாவே? பத்தா வச்சிக்கிடும்! வழிய விடுங்க, எம் பொண்டாட்டி காத்துக்கிட்டு இருக்கா!"

கேட்டவருக்கெல்லாம் கேட்டதற்கு மேல் கொடுத்தார். பெட்டி எண்ணிப் பழகிய மனது அதையும் எண்ணிக்கொண்டே வந்தது. மொத்தம் நூற்றுப் பதினான்கு வருடம்.

பெண்கள் வார்டில் கடைசிக் கட்டில் அனுசியாவுடையது. அடியில் அவள் செருப்பு ஜோடியாக இருந்தது. மேலே வெள்ளைத் துணி, முகத்தையும் சேர்த்து மூடியிருந்தது.

"கையெழுத்துப் போட வந்தேன்" என்றார் காசிலிங்கம், யாரிடம் என்றில்லாமல்.

தரை துடைத்துக்கொண்டிருந்த ஆயா பிளாரன்ஸ் நிமிர்ந்து பார்த்தாள்.

"மறுபடியும் எதுக்கு அண்ணாச்சி வந்தீய? கால் மணி நேரத்துக்கு முன்னால இதே வாசல்ல வந்து நின்னீயல்லா, அந்த மீசையப் பாத்துச் சிரிச்சுக்கிட்டேதான அக்கா கண்ண மூடுனாவ?"