ரேமுக்கு வைத்த பொட்டு

பிள்ளைகளே, புதுப் பொருள் வாங்கினால் பொட்டு வைக்க வேண்டும். நான் ஓட்டும் டிராக்டர், போர் மோட்டார், மிக்சி என எல்லாவற்றுக்கும் என் கையால்தான் வைத்தேன். ஒன்றாவது மக்கர் பண்ணியதா? (மிக்சி பண்ணியது. அதற்குக் காரணம் சுக்கு.) அப்படியிருக்க, ஒரு கம்ப்யூட்டர் மட்டும் என்னை ஊர் சிரிக்க வைத்தால் தப்பு யாருடையது?

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர், ஓர் அலுவலகத்தில் கழித்துக் கட்டியது. அதில் என் மகள் யாழினி கார் ரேஸ் விளையாடுவாள். கார் நகரும், நிற்கும், யோசிக்கும். டவுனிலிருந்து வந்த என் மச்சான் மகன் தீபக், "இன்னா மாமா, உங்க வூட்டுக் காரு கெளம்பறதுக்குள்ள ஒரு காணி நட்டுட்டு வந்துடலாம்" என்றான். யாழினி முகம் சுருங்கிவிட்டது.

"அடுத்த ஞாயித்துக்கெழமை வாடா. இதே கம்ப்யூட்டர்ல எம் பொண்ணு உன்ன ஜெயிப்பா" என்று சொல்லிவிட்டேன். (எல்லாம் இந்த வாய்தான்.)

புதுசு வாங்க வசதியில்லை. வில்லியனூர் கடையில், கம்ப்யூட்டர் திணறாமல் இருக்க ஒரு புது ரேமும், படம் வேகமாக ஓட யாரோ பயன்படுத்திய கிராபிக்ஸ் கார்டும் வாங்கினேன். "மாட்டுங்கண்ணே, பறக்கும்" என்றார் கடைக்காரத் தம்பி.

சனிக்கிழமை காலை, "நான் மாட்டுறன்பா" என்றாள் யாழினி.

"தள்ளு. டிராக்டர் இஞ்சினையே பிரிச்சவன் நான்."

அவள் பல் தேய்க்கப் போன நேரத்தில் பொட்டு வைத்தேன். எங்கே வைப்பது? ஒரு பக்கம் ஸ்டிக்கர், மறுபக்கம் கறுப்புச் சில்லு. ஓரத்தில் மட்டும் ஒட்டியாணம் போலத் தங்க நிறத்தில் ஒரு வரிசை. சரி, இதுதான் முகம் என்று முடிவு செய்தேன். ரேமுக்கும் கார்டுக்கும் அங்கேயே குளிரக் குளிரச் சந்தனம், நடுவில் குங்குமம். சொருகி சுவிட்சைப் போட்டேன்.

பீப். பீப். பீப். ரிவர்ஸ் எடுக்கும் லாரி மாதிரி கத்தியது. திரையில் ஒன்றுமே வரவில்லை.

யாழினி திட்டவில்லை. "நாளைக்கு அவன வர வேணாம்னு சொல்லிடட்டுமாப்பா?" என்று மட்டும் கேட்டாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கம்ப்யூட்டர் பெட்டியை வண்டியில் முன்னால் நிறுத்தி, அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, எங்கள் ஊர் பாகூரிலிருந்து வில்லியனூர் வரை திட்டிக்கொண்டே போனேன்.

"இன்னாண்ணே?" என்றார் கடைக்காரத் தம்பி.

"இன்னா இன்னாண்ணே? கிராமத்தான்னா இளக்காரமா? செத்த பொருள என் தலையில கட்டிட்டியா? இனி எங்க ஊர்லருந்து ஒரு ஆள் உங் கடைக்கு வர மாட்டான்!"

ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். நல்லது, பார்க்கட்டும் என்று இன்னும் சத்தம் போட்டேன். தம்பி பெட்டியைத் திறந்து ரேமை உருவினார். வெளிச்சத்தில் பிடித்தார். மோந்து பார்த்தார்.

"அண்ணே, சந்தனமா இது?"

"ஆமா. புதுப் பொருளுக்கு வைக்க மாட்டாங்களா?"

"அதான, வைக்காம?" என்று ஜெராக்ஸ் எடுக்க வந்த ஓர் அக்கா என் பக்கம் பேசினார். நியாயம் தெரிந்தவர்.

"இந்தத் தங்கப் பல்லு வழியாத்தாண்ணே கரண்டே போவும். அத மூடிட்டா பாவம், அது இன்னா பண்ணும்?"

"அப்பா!" என்று யாழினி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் கடையில் பில் போடும் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு! "இதுக்கு மட்டும் வச்சிருக்கியே!" என்று பாய்ந்தேன்.

"அண்ணே, அது வெளிய இருக்குதுண்ணே."

பிறகு பென்சில் ரப்பரால் இரண்டையும் தேய்த்துத் துடைத்து மாட்டினார். ஒரே ஒரு பீப். கடைத் திரையில் படம் பளிச்சென்று வந்தது.

ஞாயிற்றுக்கிழமை யாழினி தீபக்கைத் தோற்கடித்தாள். தோற்றவன் சும்மா போனானா? சந்தனக் கதையைக் கேட்டு, டவுன் முழுக்கச் சொல்லிவிட்டான்.

ஆனாலும் கேட்கிறேன். ரேம் வந்த அட்டைப் பெட்டியில் நனைக்காதே, வளைக்காதே என்று எத்தனை படம்! பொட்டு வைக்காதே என்று ஒரு படம் போட்டால் குறைந்தா போவார்கள்?

இப்போதெல்லாம் வீட்டுக்கு எது புதிதாக வந்தாலும், சந்தனக் கிண்ணத்தோடு தட்டில் ஒரு பென்சில் ரப்பரையும் வைத்து நீட்டுகிறாள் யாழினி. வீடே சிரிக்கிறது.

போன முறை அந்த ரப்பருக்கும் ஒரு பொட்டு வைத்தேன். அதுவும் புதுசுதானே?