புண்ணாக்கு அண்ணாச்சியின் தாழ்ந்த கார்

அன்றைக்கு என் பட்டறையில் இருந்தவர்கள் இவர்கள்தான். புண்ணாக்கு அண்ணாச்சி, எண்பத்திரண்டு கிலோ. பக்கத்து லேத் பட்டறை டேனியல், அறுபத்தாறு. பால்கார இசக்கி, ஐம்பத்தெட்டு. அண்ணாச்சியின் சம்சாரம் செல்லம்மா மதினி, நாற்பத்தைந்து என்று சொல்லப்பட்டது. இசக்கியின் எருமை, நிறுக்கப்படவில்லை. அப்புறம் காருக்கு அடியில் நான். என்னை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

எடை எதற்கு என்று கேட்பீர்கள். காரணம் அண்ணாச்சிதான். உலகத்தில் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் எத்தனையோ பேர் இருக்கலாம். அதை மூட்டைக் கணக்கில் ஓட்டிய ஒரே மனிதர் எங்கள் பாளையங்கோட்டை மார்க்கெட்டில் மாட்டுத் தீவனக்கடை வைத்திருந்த இவர் ஒருவர்தான். பெட்ரோல் விலை ஏறினால், "அப்போ திருச்செந்தூர் போய்ட்டு வர அரை மூட்டைல்லா ஆவுது" என்பார். அவர் மனசுக்குள் ரூபாய் என்று ஒன்று கிடையாது. எல்லாம் கடலைப் புண்ணாக்கு.

கார் அவரிடம் வந்ததே ஒரு விபத்து. மலைமேல் ஒரு தேயிலை எஸ்டேட்டில் பழைய சாமான்களை ஏலம் விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, பெரிய தராசு ஒன்று வாங்கப் போனார். தராசை வேறு யாரோ எடுத்துவிட்டார்கள். வெறுங்கையோடு எப்படி இறங்குவது என்று, எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்கார மேனேஜர் விட்டுப்போன காரை எடுத்து வந்துவிட்டார். இரண்டே சீட்டு, இரண்டே கதவு, மடக்குகிற துணிக்கூரை, பாசிப் பச்சை நிறம். கடையிலிருந்து அவர் மேலெல்லாம் ஒட்டிவந்த வாசனை கொஞ்ச நாளில் காருக்கும் ஏறிவிட்டது. கூரையை மடக்கிவிட்டு அவர் தெருவில் நிறுத்தினால் மாடுகள் சுற்றி நின்றுகொள்ளும். ஒருமுறை ஒரு பசு உள்ளே தலையை விட்டு சீட்டை நக்கிக்கொண்டிருக்க, அண்ணாச்சி கோபப்படாமல் என்னிடம் சொன்னார், "சரக்கு நல்ல சரக்குன்னு அதுக்குத் தெரியுதுவே."

இவ்வளவு பெருமையான காரில் மதினி ஏறமாட்டார். அதுதான் அண்ணாச்சிக்கு இருந்த ஒரே கவலை.

மதினிக்குப் பிறந்த வீடு ஆழ்வார்திருநகரி. கார் வந்த வருஷம், வைகாசியில் கருட சேவைக்கு இருவரும் ஜோடியாகப் புறப்பட்டார்கள். கிருஷ்ணாபுரம் தாண்டவில்லை, மதினிக்கு வாந்தி. இறங்கி, பின்னால் வந்த திருச்செந்தூர் பஸ்ஸில் ஏறிவிட்டார். அண்ணாச்சி பஸ்ஸுக்குப் பின்னாலேயே காரை ஓட்டினார். பஸ் நின்ற இடமெல்லாம் கார் நின்றது. ஜன்னல் வழியாகத் தண்ணீர் கொடுத்தார், எலுமிச்சம்பழம் கொடுத்தார், "இப்போ எப்படிட்டி இருக்கு" என்று கேட்டார். கடைசியில் கண்டக்டர் தலையை நீட்டி, "அண்ணாச்சி, ஒண்ணு முந்திப் போங்க, இல்ல டிக்கெட்டு எடுங்க" என்றாராம்.

அதற்கு அடுத்த வருஷமும் அப்படியே. ஆழ்வார்திருநகரியில் மதினியின் தம்பி எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார், "என்ன அத்தான், காரு ஒங்களுக்கு, பஸ்ஸு எங்க அக்காவுக்கா?" சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் அண்ணாச்சி அன்று இலையில் வைத்த பாயசத்தைத் தொடவில்லை. பாயசத்தைத் தொடாத அண்ணாச்சியை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை.

ஊருக்கு வந்ததும் மதினியிடம் நேராகவே கேட்டார். மதினியும் நேராகவே சொன்னார். "குழியில விழுந்தா பொறுத்துக்கிடுவேன். வளைவுல ஒரு பக்கமா சாயுது பாருங்க, அங்கனதான் வயித்தப் பெரட்டுது. சாயாம ஓட்டுங்க, நான் ஏறுதேன்."

சாயாத காருக்கு வழி அவருக்கு எடைக்கு வாங்கிய பழைய பேப்பரில் கிடைத்தது. பொட்டலம் கட்ட வாங்கின கட்டில் ஒரு வெளிநாட்டு மோட்டார் புத்தகம். அதில் தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டு ஒரு கார். அதை எடுத்துக்கொண்டு கடைக்குப் பின்தெரு ஆங்கிலப் பேராசிரியரிடம் போனார். அவர் படித்து விளக்கினார்: இருக்கிற ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டுக் குட்டையாக, விறைப்பாக வேறு ஸ்பிரிங் போட்டால் கார் தாழும், வளைவில் சாய்வது குறையும். அண்ணாச்சி ஒரே ஒரு சந்தேகம்தான் கேட்டார்.

"சாயாதுல்லா?"

"ரொம்பச் சாயாது."

"அது போதும்."

காசைப் போடும் முன்னால் சோதித்துப் பார்ப்பது வியாபாரி வழக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காரில் புண்ணாக்கு மூட்டைகளை அடுக்கினார். பின்னால் இரண்டு, பக்கத்து சீட்டில் இரண்டு. கார் தாழ்ந்தது. மகாராஜ நகர் வரை போய்விட்டு வந்தார். கார் சாயவே இல்லை. எப்படிச் சாயும், பக்கத்தில் வந்த மாட்டு வண்டி அவரை முந்திக்கொண்டு போனது. முகமெல்லாம் வெற்றியோடு மதினியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

மதினி காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "நல்லாத்தான் இருக்கு. மூட்ட உக்காந்திருக்க எடத்துல நான் எங்கன உக்கார?"

அப்புறம்தான் கோயம்புத்தூர். ரேஸ் கார்களுக்கு ஸ்பிரிங் சுருட்டிக் கொடுக்கிற ஒரு பட்டறை அங்கே இருந்தது. அவர்கள் காரின் எடை கேட்டார்கள், ஓட்டுகிறவர் எடை கேட்டார்கள், பக்கத்தில் உட்காருகிறவர் எடை கேட்டார்கள். அண்ணாச்சி அரிசி மில் எடைமேடையில் காரை நிறுத்தி எடை எடுத்து, மற்ற இரண்டு எடையையும் வாயால் சொல்லிவிட்டு வந்தார். முன்பக்கத்து ஜோடிக்கு மட்டும் ஆறாயிரம் ரூபாய். "இருவத்திரெண்டு மூட்ட" என்று என்னிடம் சொல்லும்போது குரல் இறங்கியிருந்தது. ஸ்பிரிங்குகளைச் சாக்கில் கட்டி பஸ்ஸில் கொண்டுவந்தார். மதுரையில் மாறி ஏறின பஸ்ஸில் அவற்றுக்குச் சீட்டுக் கிடைத்தது, அவருக்குக் கிடைக்கவில்லை. பின்பக்கத்துப் பட்டை ஸ்பிரிங்கை லாரிக்குப் பட்டை கட்டுகிற இடத்தில் கொடுத்து வளைவைத் தட்டிக் குறைத்தோம். அதற்குத் தனியாக மூன்று மூட்டை.

மாட்டுகிற வேலை என் தலையில் விழுந்தது. எனக்கு அம்பாசிடர் தெரியும், டெம்போ தெரியும். ஸ்பிரிங் என்றால் பயம். கார் ஸ்பிரிங்கை அமுக்கி வைத்திருக்கும்போது கை தவறினால் அது தெறிக்கிற வேகத்தில் கழுத்து இருக்காது என்று ஒருவர் சொல்லியிருந்தார். சொன்னவருக்கு இரண்டு பல் இல்லை. காரணத்தை நான் கேட்கவில்லை. வேலைக்கு முந்தின வாரம் முழுக்க நான் சரியாகச் சாப்பிடவில்லை. என் வீட்டுக்காரி, "ஸ்பிரிங்கப் போடப் போறீகளா, போருக்குப் போறீகளா" என்று கேட்டாள்.

முறை இதுதான். சக்கரத்தைத் தாங்குகிற இரும்புக் கைக்கு அடியில் ஜாக்கியைக் கொடுத்து ஏற்றி ஸ்பிரிங்கை அமுக்கி, பூட்டைக் கழற்றி, ஜாக்கியைப் பைய இறக்கினால் பழைய ஸ்பிரிங் தானாகத் தளர்ந்து வெளியே வரும். ஆனால் இந்தக் கார் அப்பளம் மாதிரி. ஜாக்கியை ஏற்றினால் ஸ்பிரிங் அமுங்காமல் காரே மேலே எழும்பியது. மேலே பாரம் வேண்டும். ஏன், எவ்வளவு என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. நெம்புகோல் பாடம் ஒன்பதாம் வகுப்பில் வருமாம், நான் எட்டோடு நின்றவன். மூட்டைகளை வைக்கலாம் என்றால் வழவழப்பான முன்பக்கத்தில் அவை நிற்கவில்லை, சரிந்து விழுந்தன. பிடித்துக்கொண்டு உட்கார மனுசன்தான் சரி என்று அண்ணாச்சி முடிவு செய்தார்.

கடைத் தராசு வந்தது. எல்லாரையும் ஏற்றி நிறுத்தார். பருத்திக்கொட்டை வாங்க எருமையோடு வந்த இசக்கியையும் விடவில்லை. மதினி முறை வந்தபோது மதினி ஒரு பார்வை பார்த்தார். அண்ணாச்சி உடனே, "அவள நிறுக்காண்டாம். நாப்பத்தஞ்சு. எனக்குத் தெரியும்" என்றார். டேனியல் என்னைப் பார்த்தார். நான் ஜாக்கியைப் பார்த்தேன்.

அண்ணாச்சி ஸ்டியரிங்கில், மதினி பக்கத்து சீட்டில், முன்னால் பானெட் மேல் ஒரு ஓரத்தில் டேனியல், மறு ஓரத்தில் இசக்கி. "ஓடாத காருல ஏறதுக்கு எனக்கென்ன" என்று மதினி சந்தோஷமாகவே உட்கார்ந்தார். நான் பழைய ஸ்பிரிங்கைச் சங்கிலியால் கட்டி, ஈரச்சாக்கைச் சுற்றி, கீழே படுத்தேன்.

"ஒரு ஆளு கூட எறங்கக் கூடாது. எறங்குனா காரு எழும்பிரும். நான் செத்தேன்" என்றேன்.

"சாவ மாட்டீரு. பைய செய்யும்" என்றார் அண்ணாச்சி.

மேலே டேனியல் சத்தமாக ஜெபம் செய்தார். அதைக் கேட்டதும் நான் சங்கிலியை இன்னொரு சுற்றுச் சுற்றினேன்.

பூட்டைக் கழற்றி, ஜாக்கியை இறக்க ஆரம்பித்தேன். பாதியில் இசக்கியின் குரல், "அண்ணாச்சி, எம் மாட்டக் காணல."

காணாமல் எங்கும் போகவில்லை. பட்டறைக்கு எதிரேதான் அண்ணாச்சியின் கடை. வாசலில் பிரித்து வைத்திருந்த மூட்டையில் எருமை முகத்தை முழுசாக விட்டிருந்தது. எனக்குக் கீழே இருந்து அதன் நான்கு கால்கள்தான் தெரிந்தன. மேலே கார் லேசாக ஆடியது.

"எறங்கி ஓட்டிட்டு வந்திருதேன்" என்றான் இசக்கி.

"எறங்கின, ஒன் எருமைய நான் வித்துருவேன். அப்படியே கெடலே" என்றார் அண்ணாச்சி.

"திங்கிது அண்ணாச்சி."

"தெரியுது. எனக்கும் கண்ணு இருக்கு."

கைப்பிடி புண்ணாக்குக் கூடுதலாகப் போனால் திரும்ப எடுத்துக்கொள்கிற மனிதர் அவர். சிந்தினதைக் கூட்டி அள்ளிச் சலித்து விற்கிறவர். அந்த மனிதர், தன் கடை மூட்டையை எருமை நிதானமாகத் தின்பதைப் பார்த்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். ஒரு தடவை மட்டும், "அது நயம் சரக்குவே" என்று மெதுவாகச் சொன்னார். மதினி சிரிக்க ஆரம்பித்தார். மதினி சிரிக்கச் சிரிக்க கார் குலுங்கியது, கார் குலுங்கக் குலுங்க நான் குலதெய்வத்தைக் கூப்பிட்டேன். ஸ்பிரிங் ஒரு முனகலோடு தளர்ந்து என் மார்பின் மேல் சாதுவாகச் சாய்ந்தது.

புது ஸ்பிரிங் ஏறியது. மறுபக்கமும் ஏறியது. எருமை அரை மூட்டை முடித்திருந்தது. அதற்கான காசை அண்ணாச்சி இசக்கியிடம் கேட்கவில்லை. மார்க்கெட்டில் அதை இன்னும் யாரும் நம்புவதில்லை.

அந்த வருஷக் கருட சேவைக்கு இருவரும் புறப்பட்டார்கள். ஸ்பிரிங் வழியில் கழன்றுவிடுமோ என்ற பயத்தில் நான் மொபெட்டில் ஜாக்கியைக் கட்டிக்கொண்டு பின்னால் போனேன். முதல் வளைவில் நான் கண்ணை எடுக்காமல் பார்த்தேன். கார் சாயவில்லை. கிருஷ்ணாபுரம் வந்தது, போனது. மதினி தலையை வெளியே நீட்டவே இல்லை. அண்ணாச்சி கையை மட்டும் வெளியே நீட்டி எனக்கு ஆட்டினார்.

பிறகு ஒரு வேகத்தடை வந்தது. காரின் இடது வயிறு சிமெண்டில் உரசின சத்தத்தை இன்றைக்கும் என் பல் மறக்கவில்லை. கார் முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. எல்லாரும் இறங்கினோம். அண்ணாச்சி திரும்ப ஏறித் தனியாக ஓட்டிப் பார்த்தார். சுலபமாகத் தாண்டியது.

அதற்குப் பிறகு அதுதான் ஏற்பாடு. தடை வந்தால் மதினி இறங்குவார், கார் தாண்டும், மதினி நடந்து தாண்டி ஏறிக்கொள்வார். அந்த ரோட்டில் ஊருக்கு ஊர் தடை, தடைக்குத் தடை கடை. செய்துங்கநல்லூரில் வெள்ளரிப்பிஞ்சு வாங்கினார். கருங்குளத்தில் நுங்கு. அண்ணாச்சி கையில் சில்லறையே இல்லை, எல்லாம் கோயம்புத்தூரில் இருந்தது. "கொழுந்தனாரே, நீங்க குடுத்திருங்க, அப்புறம் தாரேன்" என்பார் மதினி. நான் கொடுப்பேன்.

கருங்குளத்தில் நுங்கைத் தின்றுகொண்டே மதினி என்னிடம் தணிந்த குரலில் கேட்டார். "நான் எறங்குனா மட்டும் காரு ஏன் எழும்புது? கோயமுத்தூருல எம் எட என்னன்னு அவுக சொன்னாவ?"

எனக்குப் பொய் சொல்லவும் பயம், உண்மை சொல்லவும் பயம். "நாப்பத்தஞ்சு" என்றேன்.

மதினி கடைசி நுங்கையும் தின்று முடித்தார். "கல்யாணத்துக்கு மறுநாளு வெளையாட்டா கடைத் தராசுல ஏத்தி நிறுத்தாவ. நாப்பத்தஞ்சுதான் இருந்தேன்" என்றார். பிறகு, "இப்போ எழுவது. அவுககிட்ட சொல்லிராதீக. திரும்பவும் ஸ்பிரிங்கச் சொமந்துக்கிட்டு கோயமுத்தூர் போவாவ."

அங்கே தடையைத் தாண்டி, அண்ணாச்சி பக்கத்து சீட்டுக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

ஆழ்வார்திருநகரிக்கு நாங்கள் போய்ச் சேரும்போது வெயில் தாழ்ந்திருந்தது. பஸ்ஸில் வந்திருந்தால் மதியச் சாப்பாட்டுக்கே வந்திருக்கலாம். தெருமுனையில் தம்பி நின்றுகொண்டிருந்தார். மதினியின் செருப்பெல்லாம் புழுதி, சேலைக் கரையெல்லாம் புழுதி. "எதுலக்கா வந்த?" என்று கேட்டார் தம்பி.

"ஏன், ஒனக்குக் கண்ணு தெரியலயா? எங்க காருலதான்" என்றார் மதினி. அண்ணாச்சி அன்று பாயசம் மூன்று தடவை வாங்கினார்.

நான் பட்டறையை விட்டு மதுரைப் பக்கம் வந்து ரொம்ப காலம் ஆகிறது. மதினி இன்றும் போனில் பேசினால், "கொழுந்தனாரே, அந்த நுங்குக் காசு இன்னும் தரலல்லா" என்பார். இருக்கட்டும் மதினி என்பேன். வாங்கிவிட்டால் அப்புறம் என்ன சொல்லி அவர்கள் என்னைக் கூப்பிடுவார்கள் என்று ஒரு பயம். வெள்ளரிப்பிஞ்சு, நுங்கு, புதுக்குடியில் வாங்கின மாம்பழம், எல்லாம் சேர்த்து இன்னும் வரவேண்டியது நாற்பத்திரண்டு ரூபாய்.