உச்சந்தலை டாக்டர்

டாக்டர்களில் பல இனங்கள் உண்டு. ஊசி போடாமல் அனுப்பாதவர், ஊசியைக் கண்டாலே முகம் சுளிப்பவர், கட்டைவிரலில் முள் குத்தினாலும் ஸ்கேன் எடுத்து வரச் சொல்பவர் என்று ஒவ்வொருவரையும் முகத்தைப் பார்த்ததும் நீங்கள் இனம் கண்டுவிடுவீர்கள். உச்சந்தலை டாக்டரை மட்டும் அப்படிக் காண முடியாது. முகத்தைப் பார்த்திருந்தால்தானே?

நீங்கள் உள்ளே போகும்போது அவர் குனிந்து எழுதிக்கொண்டிருப்பார். நீங்கள் உட்காரும்போதும் எழுதிக்கொண்டிருப்பார். "ரெண்டு நாளா..." என்று நீங்கள் வாய் திறக்கும்போது, முன்னால் போனவருக்கு எழுதி முடித்து உங்களுக்கே எழுத ஆரம்பித்திருப்பார். ரெண்டு நாளாக என்ன என்பது அவருக்குத் தேவையில்லை. ரெண்டு நாள் போதும். அவருக்கு வழுக்கை எதுவரை ஏறியிருக்கிறது, நரை எந்தப் பக்கம் அதிகம் என்றெல்லாம் உங்களுக்கு அத்துப்படி. மீசை உண்டா என்று கேட்டால் யோசிப்பீர்கள்.

குளத்தூர் டாக்டர் சிவபிரகாஷ் இந்த இனத்தின் அப்பழுக்கில்லாத மாதிரி. பதினெட்டு வருஷத் தொழில், கைராசிக்காரர் என்ற பெயர், காலையில் அறுபது டோக்கன், சாயங்காலம் அதற்கும் மேலே. ஒரு கல்யாணப் பந்தியில், பத்து வருஷமாக அவரிடமே வைத்தியம் பார்த்துவரும் ஒரு பெரியவர் எதிர்வரிசையில் உட்கார்ந்து, தம்பிக்கு எந்த ஊரு, பொண்ணு வீடா மாப்பிள்ளை வீடா என்று விசாரித்துக்கொண்டிருந்தார். டாக்டர் ரசத்துக்குச் சோற்றில் குழி பறிக்கக் குனிந்தார். அவ்வளவுதான், பெரியவர் பதறிப்போய் இலையைவிட்டு எழுந்து கும்பிட்டார்.

நம் ஜனங்களிடமும் ஒரு வழக்கம் இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். வந்த காரியத்தை முதலில் சொல்ல மாட்டார்கள். அசதி, இருமல், கை கால் உளைச்சல் என்று பொதுவில் நாலைச் சொல்லிவிட்டு, சீட்டை வாங்கிக்கொண்டு, எழுந்து, கதவு வரைக்கும் போய், அங்கே நின்று தலையைச் சொறிந்து "அப்பறம் டாக்டர்..." என்பார்கள். வந்ததே அதற்குத்தான். ஆனால் அதற்குள் மேஜை மணி அடித்திருக்கும், நர்ஸ் திலகவதி அடுத்த டோக்கனை உள்ளே விட்டிருப்பாள்.

இப்படிச் சீராகப் போய்க்கொண்டிருந்த தொழிலில், யாரோ ஒரு புண்ணியவான் கூகுளில் ரெண்டே நட்சத்திரம் போட்டு ஒரு வரி எழுதிவிட்டான்: 'மருந்து நல்லா கேக்குது. டாக்டர்தான் கேக்க மாட்டேங்கிறார்.' டாக்டருக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. எட்டாவது நாள், டாக்டர்களுக்கென்றே தனிப் பயிற்சி தரும் ஏஞ்சல் என்கிற சென்னைப் பெண்ணிடம் சேர்ந்துவிட்டார். சனிக்கிழமை மத்தியானம், போனில், வீடியோவில்.

ஏஞ்சல் கெட்டிக்காரி. நோயாளி கண்ணைப் பார்க்க வேண்டும், தோளில் ஆதரவாகக் கை வைக்கலாம், குரலைத் தாழ்த்திப் பேசலாம், வீட்டு நிலவரம் விசாரிக்கலாம், எல்லாவற்றுக்கும் மேலாக அவர் சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருக்க வேண்டும் என்று அழகாகவே சொல்லிக்கொடுத்தாள். டாக்டர் எல்லாவற்றையும் குனிந்து ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். "டாக்டர், கொஞ்சம் என்னைப் பாருங்க" என்றாள் ஏஞ்சல். அதையும் எழுதிக்கொண்டார்.

திங்கட்கிழமை முதல் டோக்கன் நாகராசு. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், ஐம்பத்தாறு வயது, ஆறு வருஷமாகச் சர்க்கரை. அவர் வருவதெல்லாம் திங்கட்கிழமை, காலை டிரிப் முடித்து. சொல்வதெல்லாம் வயிறு சரியில்லை. அன்றைக்கு அவர் நாற்காலியில் உட்கார்ந்ததும், பதினெட்டு வருஷமாகக் குனிந்திருந்த தலை மெல்ல நிமிர்ந்தது. ரெண்டு கண்கள் நாகராசுவின் கண்களை இமைக்காமல் பார்த்தன. ஒரு கை மேஜையைத் தாண்டி வந்து அவர் தோளில் உட்கார்ந்தது.

"வீட்டுல யார் யார் இருக்காங்க, நாகராசு?" என்றார் டாக்டர், கோயிலுக்குள் பேசுகிற குரலில்.

நாகராசு நாற்காலி நுனிக்கு நகர்ந்தார். சம்சாரம் இருக்கிறாள், மகன் கத்தாரில் இருக்கிறான் என்றார்.

"மகன் எப்ப ஊருக்கு வர்றாரு?"

சொல்லுங்கள், நம் ஊரில் ஒரு டாக்டர் இந்தக் கேள்வியை எப்போது கேட்பார்? திட்டுகிற டாக்டரிடம் போனவன் பிழைத்துக்கொள்வான். மூஞ்சியைப் பார்க்காமல் சீட்டைக் கிழித்துக் கொடுத்தால் நோய் லேசு. ஆனால் டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அன்பாக, நிதானமாக, மகனைப் பற்றி விசாரித்தால்? மனசில் என்ன குறை இருந்தாலும் சொல்லுங்கள் என்று டாக்டர் நோட்டிலிருந்த அடுத்த வரியையும் சொன்னபோது, நாகராசுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கதவுக்குப் போனவர் தலையைச் சொறியவில்லை. திரும்பியே பார்க்கவில்லை. நேராகப் பள்ளிக்கூடம் போய் வேன் சாவியை ஆபீசில் கொடுத்துவிட்டு, வீட்டில் போய்ப் படுத்துக்கொண்டார்.

அன்று காலை உள்ளே போனவர்கள் எல்லாருமே வெளிறிப்போய்த்தான் வந்தார்கள். சளிக்கு வந்த ஒருவர் புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறி, வேறு ரெண்டு டாக்டர்களிடம் நெஞ்சைக் காட்டினார். இப்படியெல்லாம் பார்த்தால் ஜனம் தாங்காது என்று திலகவதி டாக்டரிடம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்கும் என்றார் டாக்டர். அதுவும் நோட்டில் இருந்தது.

புதன்கிழமை கத்தாரிலிருந்து போன் வந்தது. நாகராசு மகன் திருமுருகன்.

"எங்கிட்ட மறைக்காதீங்க டாக்டர். லீவு போட்டாச்சு, கெளம்பப் போறேன். அப்பாவுக்கு இன்னும் எத்தன நாளு?"

ஒன்றுமில்லை, வயிற்றுக் கோளாறுதான் என்றார் டாக்டர்.

"எங்க மாமாவுக்கும் கடைசி வரைக்கும் ஒண்ணுமில்லன்னுதான் சொன்னாங்க" என்றான் திருமுருகன். அப்பா மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, இனிமேல் எதற்கு என்று சர்க்கரை மாத்திரையையும் தூக்கிப் போட்டுவிட்டார், போய்ச் சேருகிறவனுக்கு மாத்திரை என்ன கேடு என்கிறார் என்று அடுக்கினான்.

டாக்டருக்குச் சுருக்கென்றது. ஆறு வருஷச் சர்க்கரைக்காரன் மாத்திரையையும் விட்டுச் சோற்றையும் விட்டால், ஒன்றுமில்லாததை எல்லாமாக ஆக்கிவிட முடியும். வெளியே நாற்பது டோக்கன் காத்திருந்தது. அப்படியே விட்டுவிட்டு, சர்க்கரை பார்க்கிற கருவியை மட்டும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு காரை எடுத்தார்.

நாகராசு வீட்டில் ஏற்கெனவே பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்து இறங்கியிருந்தன. சொந்தக்காரர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு உட்கார்ந்திருந்தார்கள். டாக்டரே காரைப் போட்டுக்கொண்டு வீடு தேடி வந்ததைப் பார்த்ததும், அதுவரை தாக்குப்பிடித்திருந்த நாகராசுவின் சம்சாரம் சின்னப்பிள்ளை, சுவரில் சாய்ந்து வாய்விட்டு அழ ஆரம்பித்துவிட்டாள். கொஞ்சநஞ்சம் இருந்த சந்தேகமும் தீர்ந்துவிட்டது அல்லவா?

விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை நானூற்றுப் பன்னிரண்டு. டாக்டர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தார். குனிந்து எழுத மேஜை இல்லை. சீட்டும் இல்லை, பேனாவும் இல்லை. ஏஞ்சல் சொன்னதில் ஒரு வரிகூட ஞாபகத்துக்கு வரவில்லை. மாத்திரையை எதுக்குய்யா நிறுத்தினே திங்கக்கிழமை, என்று மட்டும் கேட்டார்.

நாகராசு சொந்தக்காரர்களைப் பார்த்தார். சின்னப்பிள்ளை மூக்கைச் சிந்திக்கொண்டே அவர்களை அங்கிட்டுப் போகச் சொன்னாள்.

"திங்கக்கெழம நிறுத்தல டாக்டர். ரெண்டு வருசமா ஞாயித்துக்கெழம மட்டுந்தான் போடுறேன்."

"ஏன்?"

"அதப் போட்டா அரைமணி நேரத்துல வயித்தக் கலக்கிரும். வண்டியில இருவத்திரெண்டு பிள்ளைக. கீரனூர் ரோட்டுல அதுகள நிறுத்திப்புட்டு நான் எங்கிட்டு ஓடுறது?"

டாக்டருக்குக் கணக்கு மெல்ல மெல்ல விளங்கியது. சர்க்கரை இறங்கவில்லை என்று அவர் மாத்திரையைக் கூட்டினார். கூட்டக் கூட்ட நாகராசுவின் ஞாயிற்றுக்கிழமைகள் நாறிப்போயின. திங்கட்கிழமை வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தவருக்கு, வயிற்றுக்கென்று இன்னொரு மாத்திரை. ரெண்டு வருஷமாகத் தன் வைத்தியத்துக்கே வைத்தியம் பார்த்திருக்கிறார்.

"இத ஏன்யா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னேனே. நாலு தடவ. கதவுகிட்ட நின்னு."

வேறு மாத்திரை தருகிறேன், வயிறும் சர்க்கரையும் சரியாகிவிடும் என்றார் டாக்டர். நாகராசு எழுந்து உட்கார்ந்தார்.

"அப்ப நான் சாகப் போறதில்லயா? பெறகு எதுக்கு என் கண்ண அப்பிடிப் பாத்தீங்க?"

"பாக்கச் சொன்னாங்க" என்றார் டாக்டர். நோயாளிகளிடம் எப்படி நடந்துகொள்வது என்று ஒரு டீச்சரம்மா பாடம் எடுக்கிறார், அதில் அது ஒரு பாடம் என்று தரையைப் பார்த்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்.

சின்னப்பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். "நல்லாப் படிச்சீங்க டாக்டர். இன்னும் ரெண்டு பாடம் படிச்சிருந்தீங்கன்னா நான் தாலிய அறுத்திருப்பேன்."

நாகராசுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து, இருமி, பசிக்கிறது என்றார். வயிற்றைக் கலக்காத வேறு மாத்திரை வந்தது, தினமும் உள்ளே போனது, சர்க்கரை படிப்படியாக இறங்கியது. திருமுருகன் லீவைத் திருப்பிக் கொடுத்தான். பத்தாம் நாள் வேன் கீரனூர் ரோட்டில் ஓடியது.

டாக்டர் திருந்திவிட்டார் என்றுதானே நினைக்கிறீர்கள்? திருந்தித்தான் விட்டார். இப்போதெல்லாம் தலை நிமிர்ந்தே இருக்கிறது. போன வாரம் முழங்கால் வீங்கிப் போன ஞானமணி டீச்சரிடம், பிறர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டியதன் அவசியத்தை, நாகராசு கதையோடு, கண்ணைப் பார்த்து, ஒன்பது நிமிஷம் விளக்கினார். ஏஞ்சலும் அந்தக் கதையைத்தான் மற்ற டாக்டர்களுக்குச் சொல்கிறாளாம். முழங்காலைப் பற்றிப் பேச நேரம் இருக்கவில்லை. டீச்சர் அடுத்த வாரம் வருவதாகச் சொல்லிவிட்டு நொண்டிக்கொண்டே போனார்.

நீங்கள் டாக்டர் இல்லை, அதனால் நிம்மதியாகச் சிரிக்கலாம். ஆனால் ஒன்று. நீங்கள் இதைக் குனிந்து படித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் வந்து நின்று யாரோ உங்களிடம் ஏதோ சொன்னார்கள். நீங்களும் தலையைத் தூக்காமல் "ம்" என்றீர்கள்.

என்ன சொன்னார்கள்?