ஃபீடில் வந்த தண்ணீர்

"லாரிக்காரனைத் திருப்பி அனுப்பாதீங்கன்னு நான் சொல்லச் சொல்ல..."

"நாளைக்குக் காலையில ஆறு மணிக்குத் தண்ணி உடறாங்கன்னு கம்ப்யூட்டர்லயே..."

"கம்ப்யூட்டர்ல வந்தாத் தொட்டிக்கு வந்துருமாங்க?"

மனைவி முத்தாத்தாள் இப்படிக் கேட்டதும் லிங்கசாமி தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை மகள் தேஜஸ்ரீக்கு வீட்டிலேயே நிச்சயதார்த்தம். மடத்துக்குளத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் ஐம்பது பேர் வருகிறார்கள். தொட்டியில் கணுக்கால் நனையத் தண்ணீர் இல்லை. இன்று புதன்.

வீட்டை ஒட்டியே லிங்கசாமிக்குச் சின்ன பனியன் கம்பெனி. அங்கே மெயில் பார்க்கும் ஆஷாதான் அவருக்கு ஃபீடைப் பழக்கியவள். பேரூராட்சி வெப்சைட் தொடங்கியிருக்கிறது, அதில் எது போட்டாலும் நாம் தேடிப் போக வேண்டாம், தானாகவே நம் கம்ப்யூட்டருக்கு வந்து விழும் என்றாள். செவ்வாய்க்கிழமை லிங்கசாமி பேரூராட்சி ஆபீசுக்குப் போன் போட்டு, வியாழன் காலை ஆறு மணிக்குத் தண்ணீர் வந்தாக வேண்டும் என்று ஒரு சத்தம் போட்டிருந்தார். மறுநாளே வந்து விழுந்தது: 'வியாழன் காலை 6 மணிக்குக் குடிநீர்.' வாசலுக்கு வந்த தண்ணீர் லாரியைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

வியாழன் காலை குழாயில் காற்றுதான் வந்தது.

லிங்கசாமி மறுபடி போனை எடுத்தார். சாயப்பட்டறைக்காரரிடமும் பிரிண்டிங்காரரிடமும் இருபது வருடம் பேசிப் பழகிய வாய். நலம் விசாரிப்பெல்லாம் அதற்குத் தெரியாது.

"லிங்கசாமி பேசறனுங்க. நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குத் தண்ணி வந்துரோணும். எழுதிக்கங்க."

எதிர்முனையில் யாரோ புது ஆள். சரிங்க சார் என்று பணிவாக எழுதிக்கொண்டார்.

அரை மணி நேரத்தில் ஃபீடில் வந்தது: 'வெள்ளி மாலை 5 மணிக்குக் குடிநீர்.' லிங்கசாமிக்கு நெஞ்சு நிமிர்ந்தது. தன் பேச்சுக்கு ஆபீசிலும் மரியாதை இருக்கிறதே. ஆஷாவிடம் சொல்லிப் பன்னிரண்டு பிரதி எடுத்து வீதி முழுக்கக் கொடுத்தார். படித்தவர்கள் எல்லோரும் அவரவர் லாரியை வேண்டாம் என்றார்கள். லிங்கசாமியும் தன்னுடையதை இரண்டாம் முறையாகத் திருப்பி அனுப்பினார்.

வெள்ளி மாலை வீதி நெடுகக் குடங்கள் வரிசையாக நின்றன. இருட்டியபின் அப்படியே வீடு திரும்பின. ஆளுக்கொரு வார்த்தை லிங்கசாமியைச் சொல்லிவிட்டுப் போனார்கள். லாரிக்காரரைக் கூப்பிட்டால், நாளையும் மறுநாளும் முகூர்த்தம், வண்டியெல்லாம் மண்டபங்களுக்குப் போய்விட்டது, ரெண்டு தடவை வந்த வண்டியை அனுப்பும்போது தெரியவில்லையா என்று கேட்டுப் போனை வைத்துவிட்டார்.

முத்தாத்தாள் சத்தம் போடவில்லை. அதுதான் லிங்கசாமிக்குப் பயமாக இருந்தது.

"குடிக்கத் தண்ணி குடுக்க முடியாத ஊட்டுல யாருங்க பொண்ணெடுப்பாங்க?"

அன்று இரவே அவர் கடைசியாக ஒரு தடவை, ஆபீசில் இரவு வேலையில் இருந்தவரிடம் பேசினார். சனிக்கிழமை விடியக்காலம் அஞ்சு மணி, தவறக்கூடாது என்றார். ஃபீடிலும் சனிக்கிழமை விடியக்காலம் அஞ்சு மணி என்றே வந்தது. மூன்று தரம் படித்தார். சொன்னது சொன்னபடி எழுத்தில் வருகிறது, குழாயில் மட்டும் ஏன் வரவில்லை என்று ஆஷாவைக் கேட்டார். ஃபீடு சரியாகத்தான் வேலை செய்கிறது சார் என்றாள் அவள்.

சனிக்கிழமை அஞ்சு மணி போயிற்று. ஆறு மணிக்கு, வால்வு திறக்கும் மூக்கையா நீளமான இரும்புச் சாவியோடு சைக்கிளில் வந்தார். வீதியே வாசலுக்கு வந்துவிட்டது. அவர் வால்வுப் பக்கம் போகவில்லை. லிங்கசாமி வீட்டு கேட்டில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"ஐயா, மேட்டுத் தொட்டியில பத்து நாளா சொட்டுத் தண்ணி ஏறல. ஆபீஸ்ல கேட்டா, தண்ணி விடுற நேரத்தையெல்லாம் லிங்கசாமின்னு ஒரு பெரிய ஆபீசர்தான் போன்ல சொல்றாரு, அதத்தான் கம்ப்யூட்டர்ல ஏத்துறோம்னு இந்த விலாசத்தக் குடுத்தாக. அடுத்து என்னைக்குய்யா விடப்போறீங்க?"