இரண்டு கேமராவும் மூன்று முடிச்சும்

இரண்டு பொருட்களுக்கு நடுவே பெரிய வித்தியாசம் இருந்தால் யார் வேண்டுமானாலும் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிடலாம். வித்தியாசமே இல்லாத இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கத்தான் படித்தவன் தேவை. நான் படித்தவன். பொறியியல் முடித்துவிட்டுச் சென்னையில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். அந்தத் தகுதியை வைத்துக்கொண்டுதான் என் அக்காவின் கல்யாணத்தைக் கெடுத்தேன். (கெடுத்தேன் என்று சொல்வது கொஞ்சம் அதிகம். கல்யாணம் நல்லபடியாகவே நடந்தது. நடந்ததற்கு ஆதாரம் இல்லாமல் செய்தேன், அவ்வளவுதான்.)

எங்களுக்குக் கீழ்வேளூர். அப்பா அங்கே உரக்கடை வைத்திருக்கிறார். எஸ்தர் அக்காவுக்கு வலங்கைமானில் மாப்பிள்ளை அமைந்தது. பிரபுதாஸ் அத்தான், பள்ளிக்கூட ஆசிரியர். தாளடி அறுவடை முடிந்ததும் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள். போட்டோவுக்கு வழக்கம்போல ஊர் ஸ்டுடியோ கலியமூர்த்தி அண்ணனிடம் சொல்லிவிடலாம் என்று அப்பா செருப்பை மாட்டினார். நான் வாசலில் போய்த் தடுத்தேன்.

“அவரு எடுத்தா பொண்ணை மோவாயில கை வச்சு நிக்கச் சொல்லுவாருப்பா. தாமரைப் பூவுக்குள்ள மாப்பிள்ளை தலையை வைப்பாரு. நானே எடுக்கிறேன். நல்ல கேமராவா ஒண்ணு வாங்கிட்டா ஆயுசுக்கும் இருக்கும்.”

“உனக்கு எடுக்கத் தெரியுமா?”

“அஞ்சு மாசம் இருக்கேப்பா. கத்துக்கிட்டாப் போச்சு.”

அந்த ஐந்து மாதத்தில் நான் போட்டோ எடுக்கக் கற்றுக்கொள்ளவில்லை. எந்தக் கேமராவை வாங்குவது என்று மட்டும் கற்றுக்கொண்டேன். அதையும் முழுசாக இல்லை.

சலித்துச் சலித்துக் கடைசியில் இரண்டு கேமராக்கள் நின்றன. ஒரே கம்பெனி, ஒரே உயரம், ஒரே கறுப்பு. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. ஒன்றின் பின்பக்கத் திரை கதவு மாதிரி வெளியே திறந்து மடங்கும். மற்றதன் திரை மடங்காது. பதிலுக்கு அது வினாடிக்கு அரைப் படம் கூடுதலாக எடுக்கும். வீட்டில் இவற்றுக்கு மடங்குறது, மடங்காதது என்றே பெயராகிவிட்டது. நான் சென்னையிலிருந்து போன் செய்தால் அம்மா சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்னால், “இன்னிக்கு மடங்குறதா, மடங்காததா?” என்றுதான் கேட்பாள்.

ஒருநாள் அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. “அதென்னடா அரைப் படம்? பாதி மூஞ்சிதான் வருமா?”

நான் பத்து நிமிடம் விளக்கினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “கல்யாணத்துல யாரு அவ்வளவு வேகமா ஓடப் போறா?” என்றாள். அப்பா அதைவிடச் சுருக்கமாக முடித்துக்கொண்டார். அவர் கடையில் இரண்டு கம்பெனி யூரியாவைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கியிருப்பார். “சாக்குதான் வேற. எதைப் போட்டாலும் நெல்லு வெளையும்” என்றார். விஷயம் தெரியாதவர்கள் என்று இருவரையும் மன்னித்துவிட்டேன்.

நாற்பத்து மூன்று வரியில் ஒரு அட்டவணை தயாரித்தேன். எடை, பேட்டரி, பொத்தானை அமுக்கும்போது வரும் சத்தம், எல்லாவற்றுக்கும் மதிப்பெண். கூட்டிப் பார்த்தால் இரண்டும் சமமாக வந்தன. உடனே நாற்பத்து நான்காவதாக ஒரு வரி சேர்த்தேன்: கழுத்துப் பட்டையின் அழகு. அதுவும் சமம். இணையத்தில் இதற்கென்றே ஒரு குழு இருந்தது. அங்கே போய்த் திங்கட்கிழமை மடங்குவதற்காக வாதாடினேன். வியாழக்கிழமை மடங்காததற்காக வாதாடினேன். இரண்டு நாளும் ஜெயித்தேன்.

ஊருக்கு வரும் சனிக்கிழமைகளில் தஞ்சாவூருக்குப் பஸ் ஏறுவேன். அங்கே ஒரு கேமரா கடை. முதல் தடவை போனபோது விற்பனையாளர் சார், சார் என்று இரண்டையும் துடைத்துக் கையில் கொடுத்தார். நான் இரண்டிலும் கடையின் சீலிங் ஃபேனைப் படம் எடுத்து ஒப்பிட்டேன். மூன்றாம் தடவை ஃபேனைத் தானாகவே நிறுத்திக் கொடுத்தார். ஏழாம் தடவை நான் உள்ளே நுழைந்ததும், “சார், இன்னிக்கு ரெண்டையும் வெளியில எடுக்கவா, இல்ல மனசுக்குள்ளயே பாத்துக்கிறீங்களா?” என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார்.

கல்யாணத்துக்கு நான்கு நாள் இருந்தது. கையில் கேமரா இல்லை. சாதாரண மனிதன் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை வாங்கியிருப்பான். எனக்கு ஒரு யோசனை வந்தது. (இன்றைக்கும் எனக்கு ஒரு யோசனை வந்திருக்கிறது என்று சொன்னால் எங்கள் வீட்டில் பேச்சு நின்றுவிடும்.) இரண்டையும் வாடகைக்கு எடுப்பது; ஒவ்வொரு காட்சியையும் இரண்டிலும் எடுப்பது; எதில் படம் நன்றாக வருகிறதோ அதைக் கல்யாணத்துக்குப் பிறகு வாங்குவது. இதைவிட நல்ல பரிசோதனைக்கூடம் வேறு எங்கே கிடைக்கும்? அதிலும் நியாயம் தவறக் கூடாது என்று லென்ஸ் மட்டும் ஒன்றே ஒன்று எடுத்தேன். ஒரே லென்ஸை இதிலிருந்து கழற்றி அதில் மாட்ட வேண்டும். அப்போதுதான் ஒப்பீடு சுத்தமாக இருக்கும்.

கல்யாணத்தன்று காலை இரண்டு கேமராவையும் கழுத்தில் மாட்டிக்கொண்டு எங்கள் சபை ஆலயத்தின் நடுவில் நின்றேன். அக்கா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலில் தோன்றினாள். பாடகர் குழு எழுந்தது. இருவரும் நான்கு அடி நடந்தார்கள். ஒரு படம் எடுத்தேன்.

“அப்பா, அப்படியே நில்லுங்க. இன்னொண்ணு இருக்கு.”

நின்றார்கள். நான் லென்ஸைக் கழற்றி அடுத்ததில் மாட்டினேன். பாடகர் குழு பாடிய சரணத்தையே மறுபடியும் பாடியது. மீண்டும் நான்கு அடி, மீண்டும் நிறுத்தம். இப்படியே பீடம் போய்ச் சேர்வதற்குள் அந்தப் பாட்டின் முதல் சரணத்தை ஐந்து தடவை கேட்டாயிற்று. கடைசியில் அப்பா உதடு அசையாமல், “இன்னொரு தடவை நில்லுன்னு சொன்னே, உன்னைத் தூக்கி வெளியில போட்டுடுவேன்” என்றார்.

பிறகு தாலி. எங்கள் சபையில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். ஐயர் தாலியை ஆசீர்வதித்து அத்தான் கையில் கொடுத்தார். அந்த நேரம் பார்த்து என் இடது கையில் லென்ஸும் வலது கையில் வாய் பிளந்த ஒரு கேமராவும் இருந்தன. இரண்டு கழுத்துப் பட்டைகளும் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு என் தொண்டையை இறுக்கின.

“ஐயா, ஒரு நிமிஷம்” என்றேன்.

“தம்பி, மாப்பிள்ளை முடிச்சுப் போட ஆரம்பிச்சுட்டாரு. நான் வேணா நிப்பேன், அவரு நிக்க மாட்டாரு” என்றார் ஐயர்.

அவர் சொன்னது சரி. அத்தான் மூன்று முடிச்சையும் போட்டுவிட்டார். வினாடிக்கு அரைப் படம் கூடுதலாக எடுக்கும் கேமரா என் வயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. மற்றதன் மடங்கும் திரை திறந்து என் சட்டைப் பொத்தானில் மாட்டிக்கொண்டிருந்தது.

அப்புறம் நான் சொன்னதை நானே சொன்னேன் என்று நம்புவதற்கு எனக்குச் சில வருடம் ஆயிற்று. லென்ஸ் மாட்டி முடித்த மகிழ்ச்சியில், ஆலயம் முழுவதும் கேட்கும்படி சொன்னேன்:

“அத்தான், ஒரு தடவை அவுத்துட்டுத் திரும்பக் கட்டுங்களேன்.”

அத்தான் முடிச்சிலிருந்து கையை எடுக்காமல் என்னைப் பார்த்தார். அக்கா தலை குனிந்திருந்தாள்; தாலியை ஒரு கையால் இறுக்கிப் பிடித்திருந்தாள். மாப்பிள்ளை வீட்டு வரிசையில் அத்தானின் பெரிய அத்தை எழுந்து நின்றார்.

“கட்டி ஒரு நிமிஷம் ஆகல. பொண்ணோட தம்பியே அவுக்கச் சொல்றான். என்னங்க இது? இஷ்டம் இல்லைன்னா முன்னாடியே சொல்லியிருக்கலாமே.”

“இல்லைங்க, லென்ஸு…” என்றேன்.

“யாரு லென்ஸு?” என்றார் அத்தை.

அம்மா எழுந்து வந்து என் காதைப் பிடித்தாள். அப்போது எனக்கு இருபத்தாறு வயது. காதைப் பிடித்தபடியே என்னை மூன்றாம் வரிசையில் உட்கார வைத்துவிட்டு, அத்தை பக்கத்தில் போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள். அடுத்து ஐயர் வாசிக்க வேண்டியது, கடவுள் இணைத்தவர்களை மனிதன் பிரிக்கக் கூடாது என்ற பகுதி. வழக்கமாக அதை மணமக்களைப் பார்த்து வாசிப்பார். அன்று என்னைப் பார்த்து வாசித்தார்.

விருந்தில் நான் அடங்கியிருக்க வேண்டும். இல்லை. வாழைமரத்தை இரண்டு தடவை, பிரியாணி அண்டாவின் மூடியை இரண்டு தடவை, வந்திருந்த பெரியவர்களை இரண்டிரண்டு தடவை எடுத்தேன். மாட்டிக் கழற்றி, கழற்றி மாட்டி, இரண்டு கேமராவுக்குள்ளும் தூசி புகுந்துவிட்டது. அதன் பிறகு எடுத்த எல்லாப் படத்திலும் ஒரு கரும்புள்ளி. அம்மாதான் நல்லதாக ஒரு வார்த்தை சொன்னாள்: “திருஷ்டிப் பொட்டு வச்ச மாதிரி இருக்கு. இருக்கட்டும்.”

மறுவீட்டுக்கு வந்த அக்கா, வந்ததும் வராததுமாக என் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். ஆலயத்தில் நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. படங்கள் நன்றாக இருந்தால் மன்னித்துவிடலாம் என்று நினைத்து வந்திருப்பாள் போல.

“நான் அப்பா கையைப் பிடிச்சு நடந்து வந்தது எங்கடா?”

நடந்து வந்தது இல்லை, நின்றதுதான் இருந்தது. எல்லாவற்றிலும் அப்பா என்னை முறைத்துக்கொண்டிருந்தார்.

“தாலி கட்டுனது?”

கட்டி முடித்த பிறகு எடுத்த இரண்டு படங்களைக் காட்டினேன். இரண்டிலும் அத்தானின் முழங்கையும் அக்காவின் முக்காடும் தெரிந்தன. அவள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றியது.

“இந்த ரெண்டுல எது கலர் நல்லா இருக்கு, சொல்லுக்கா.”

அக்கா திரையை மூடினாள். “அன்னிக்கு நான் கட்டியிருந்த புடவை என்ன கலருடா? படத்தைப் பாக்காம சொல்லு.”

“வெள்ளை.”

“சந்தனக் கலரு. நீயும் கூட வந்து எடுத்ததுதான்.” எழுந்து உள்ளே போய்விட்டாள். அறைக்கதவைச் சாத்திய பிறகும் அவள் அழுவது கேட்டது. அடுத்த இரண்டு மாதம் என்னிடம் பேசவில்லை. போன் செய்தால் அத்தான் எடுத்து, “இருக்கா. ஆனா இல்லையாம்” என்பார். கேமராவைப் பற்றி நினைக்காமல் நான் இருந்த முதல் இரண்டு மாதங்கள் அவைதான். அட்டவணையை அழித்தேன். தஞ்சாவூர்ப் பக்கமே போகவில்லை.

கடைசியில் அப்பா, தடுக்கப்பட்ட அந்தச் செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு கலியமூர்த்தி அண்ணனிடம் போனார். என்னையும் கூட்டிக்கொண்டு போனார். மன்னிப்புக் கேட்பது என் வேலை. அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அவுக்கச் சொன்னது நெசமாவா?” என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். அதற்கு மேல் அவருக்கு என் மீது கோபம் இருக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை, ஆலயத்தில், போட்டோவுக்காகக் கல்யாணத்தை மறுபடியும் நடத்தினோம். தாலி கட்டுவதுபோல நடிக்கக் கூடாது, கையைக் கழுத்துப் பக்கம் வைத்துக்கொள்ளலாம் என்று ஐயர் அனுமதி கொடுத்தார். அதே சந்தனப் புடவை, புது மாலை. ஒரே ஒரு மாற்றம்: அக்காவுக்கு அப்போது மூன்றாம் மாதம். மாலையில் இருந்த மல்லிகை வாசனை அவளுக்கு ஆகவில்லை. மாலையைப் போடுவது, அண்ணன் தயாராவதற்குள் அவள் வெளியே ஓடிப் பூவரச மரத்தடியில் வாந்தி எடுப்பது, நான் செம்பில் தண்ணீர் கொண்டு ஓடுவது என்று ஒரு மணி நேரம் போயிற்று. அண்ணன் அலட்டிக்கொள்ளவில்லை. அவள் முகம் தெளிந்த ஒரு கணம் பார்த்து, ஒரே ஒரு தடவை அமுக்கினார்.

அக்காவும் அத்தானும் அப்பாவும் அம்மாவும் அந்தப் படத்தில் அவ்வளவு அழகாக இருந்தார்கள். மோவாயில் கை இல்லை, தாமரை இல்லை.

“அண்ணே, இது என்ன மாடல்?” என்று கேட்டேன். (கேட்காமல் இருக்க முடியவில்லை.)

அவர் கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “தெரியலப்பா. எழுத்தெல்லாம் அழிஞ்சு போச்சு.”

அந்தப் படம் வலங்கைமான் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. போன வருடம் அக்கா மகள் ஜெனிபர் இரண்டாம் வகுப்பு படித்தாள். குடும்பப் படம் ஒன்று கொண்டுவாருங்கள் என்று டீச்சர் சொல்ல, அவள் அதைக் கழற்றிக்கொண்டு போய் வகுப்பில் தூக்கிக் காட்டியிருக்கிறாள். “இது எங்க அம்மா அப்பா கல்யாண போட்டோ மிஸ். இதுல நானும் இருக்கேன், அம்மா வயித்துக்குள்ள. மல்லிப்பூ வாசனைக்கு நான்தான் வாந்தி எடுக்க வச்சேன்.”

அத்தான் வேலை பார்ப்பதும் அதே பள்ளிக்கூடம். மத்தியானச் சாப்பாட்டுக்குள் ஆசிரியர் அறையில் எல்லாரும் விரல் விட்டு மாதம் எண்ணிவிட்டார்கள். சாயங்காலத்துக்குள் பெரிய அத்தையின் காதுக்கும் போய்விட்டது. அத்தான் எனக்குப் போன் செய்தார். குரல் ரொம்ப அமைதியாக இருந்தது. “மாப்ள, நான் சொன்னா யாரும் நம்ப மாட்டேங்கிறாங்க. நீ வந்து ஹெச்செம் மேடம்கிட்ட சொல்லிட்டுப் போ.”

லீவு போட்டுவிட்டுப் போனேன். தலைமையாசிரியை முன்னால் உட்கார்ந்து மடங்குவது, மடங்காதது, ஒற்றை லென்ஸ், அவிழ்க்கச் சொன்னது எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. முடிவில் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்.

“அதெல்லாம் சரிங்க. கடைசியில எதை வாங்கினீங்க?”

“எதையும் வாங்கல மேடம். ரெண்டு மாடலையும் நிறுத்திட்டாங்க.”

வெளியே வந்தபோது ஜெனிபர் வராந்தாவில் நின்றிருந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை நடந்தாள்.

“மாமா, அந்த போட்டோவுல நான் இருக்கேன்தானே?”

“இருக்கே.”

“நீங்க எங்க இருக்கீங்க?”

“நான் அதுல இல்லம்மா.”

“உங்களை யாரும் கல்யாணத்துக்குக் கூப்பிடலையா?” என்று கேட்டாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன். மறுநாள் வகுப்பில் அதையும் சொல்லியிருக்கிறாள்.